திங்கட்கிழமை முதல் எலூஷன்: எம்டிபி ஏன் ஒட்டுவதில்லை? (டெக்னீசியம்-99எம்)

காமா_கேமரா கேட்டது:

அணு மருத்துவத் தொழில்நுட்பப் படிப்பு, இரண்டாம் ஆண்டு. ஜெனரேட்டர் (மாலிப்டினம்-99 சிதைந்து டெக்னீசியம்-99எம் தரும் கருவி) பாடம் புரிகிறது, ஆனால் பாடமும் ஹாட் லேபில் (கதிரியக்க மருந்து தயாரிக்கும் அறை) சொல்லிக்கொடுப்பதும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. நிலவரம் இது: கடைசி எலூஷன் (சலைன் ஊற்றி டெக்னீசியத்தை வடித்தெடுப்பது) வெள்ளி காலை 7 மணி, அடுத்தது திங்கள் காலை 7 மணி. டோஸ் கேலிப்ரேட்டரில் (கதிரியக்கம் அளக்கும் கருவி) அளவு கணக்குப்படியே வருகிறது. அதிலிருந்து 5 ஜிகாபெக்கரல் எடுத்து எம்டிபி கிட்டில் (எலும்பில் போய்ச் சேரும் மருந்துக் குப்பி) சேர்த்தால், எலும்பு ஸ்கேனில் தைராய்டும் இரைப்பையும் பளிச்சென்று தெரிகின்றன.

"திங்கள் முதல் எலூஷனில் கேரியர் அதிகம், கிட்டுக்கு ஆகாது, கீழே போடு" என்பது வழக்கமான பதில். கேரியர் என்றால் படத்துக்கு உதவாத, அதே தனிமத்தின் அணுக்கள். யாரும் வெளியிலிருந்து எதையும் சேர்க்கவில்லை. பிறகு கேரியர் எங்கிருந்து வருகிறது?

அடுத்து, காலை 7 மணிக்கு மாலி பிரேக்த்ரூ (எலூஷனோடு கசிந்து வரும் மாலிப்டினம்-99) 0.08. வரம்பு 0.15. அப்படியானால் நாள் முழுக்கப் பயன்படுத்தலாம்தானே?

கடைசியாக, தேர்வுக்கு: அணு எண் 42ம் (மாலிப்டினம்) 44ம் (ருத்தேனியம்) சாதாரண உலோகங்களாக இருக்கும்போது நடுவில் உள்ள 43க்கு (டெக்னீசியம்) மட்டும் நிலையான ஐசோடோப்பு ஒன்றுகூட இல்லாதது ஏன்?

---

அரை_ஆயுள்:

கேரியரை ஜெனரேட்டரே தயாரிக்கிறது. மாலிப்டினம்-99 (அரை ஆயுள் 66 மணி) சிதையும்போது ஏறக்குறைய 88% டெக்னீசியம்-99எம் ஆகிறது, மீதி நேராக டெக்னீசியம்-99 ஆகிறது. அந்த 99எம்மும் 6 மணி அரை ஆயுளில் 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாவை விட்டுவிட்டு அதே 99 ஆகத்தான் இறங்குகிறது. 99க்கு அரை ஆயுள் 2.1 லட்சம் ஆண்டு. எனவே உருவான 99 எல்லாம் ஜெனரேட்டரின் பத்தியிலேயே (மாலிப்டினத்தைப் பிடித்து வைத்திருக்கும் அலுமினாக் குழாய்) உட்கார்ந்திருக்கும். வேதியியலில் இரண்டும் ஒன்றுதான், ஒரே பெர்டெக்னெட்டேட். சலைன் ஊற்றினால் இரண்டும் சேர்ந்தே வரும். கேலிப்ரேட்டருக்கு 99எம் மட்டுமே தெரியும். அது சிதைவை எண்ணுகிறதே தவிர அணுக்களை எண்ணுவதில்லை.

முந்தைய எலூஷன் முடிந்து 4 மணி நேரத்தில் மறுபடி எடுத்தால் வரும் டெக்னீசியம் அணுக்களில் 70% 99எம். 24 மணி ஆனால் 28%. உங்கள் கணக்குப்படி 72 மணி ஆனால் 7.7%தான். அதாவது திங்கள் காலை குப்பியில் 13 அணுவுக்கு ஒன்றுதான் உங்களுக்கு வேண்டியது, மற்ற 12ம் இடத்தை அடைக்க வந்தவை.

எடையிலும் பாருங்கள். 1 ஜிகாபெக்கரல் 99எம் என்பது 5.1 நானோகிராம். உங்கள் 5 ஜிகாபெக்கரலில் 26 நானோகிராம் 99எம் இருக்கும். தினசரி எலூஷனாக இருந்தால் மொத்த டெக்னீசியம் 92 நானோகிராம், திங்களன்று 330 நானோகிராம்.

இவ்வளவும் பிளஸ் 7 ஆக்சிஜனேற்ற நிலையில் வருகிறது. அந்த நிலையில் எதோடும் ஒட்டாது. கிட்டில் உள்ள ஸ்டானஸ் குளோரைடு (வெள்ளீய உப்பு) அதற்கு எலக்ட்ரான் கொடுத்து நிலையைக் குறைத்தால்தான் எம்டிபி பிடிக்கும். குறையாமல் மிஞ்சியது அயோடைடு மாதிரி நடந்துகொண்டு தைராய்டு, உமிழ்நீர்ச் சுரப்பி, இரைப்பை என்று போய்ச் சேரும். நீங்கள் ஸ்கேனில் பார்ப்பது அதைத்தான். 99 அணுக்களும் ஸ்டானஸைச் செலவழிக்கும், அதனால்தான் திங்கள் எலூஷனைத் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

---

ஈயப்_பெட்டி:

மேலே உள்ள கணக்கு சரி. ஆனால் எம்டிபி விஷயத்தில் அந்த முடிவு நிற்காது. அவர் நிறுத்திய இடத்திலிருந்து இன்னும் இரண்டு வரி போட்டுப் பாருங்கள்.

330 நானோகிராம் டெக்னீசியம் 3.3 நானோமோல். பிளஸ் 7இலிருந்து பிளஸ் 4க்கு இறக்க அணுவுக்கு ஒன்றரை ஸ்டானஸ், ஆக 5 நானோமோல். எம்டிபி கிட்டில் ஸ்டானஸ் அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். அரை மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டாலும் 2,200 நானோமோல். திங்கட்கிழமைக் கேரியர் முழுவதும் சேர்ந்து அதில் கால் சதவீதத்தைக்கூடத் தின்னாது. தைராய்டு தெரிவதற்குக் கேரியரைக் குற்றம் சொல்வது, பானையில் ஓட்டை இருக்கும்போது பூனை குடித்துவிட்டது என்பதைப் போல.

ஓட்டை காற்று. 1 மி.லி. காற்றில் 8,600 நானோமோல் ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு இரண்டு ஸ்டானஸை ஸ்டானிக்காக மாற்றிவிடும். ஆக 1 மி.லி. காற்று 17,000 நானோமோல் ஸ்டானஸைக் கெடுக்க வல்லது, உங்கள் கிட்டில் உள்ளதைப் போல 8 மடங்கு. கிட் குப்பிக்குள் நைட்ரஜன் நிரப்பி மூடியிருப்பது சும்மா இல்லை.

காற்று உள்ளே போவது பெரும்பாலும் பழக்க தோஷத்தால். வார்டில் ஊசி மருந்து எடுக்கும்போது, எடுக்கப்போகும் அளவுக்குக் காற்றை ஏற்றிவிட்டு மருந்தை இழுக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். கிட் குப்பியில் அதைச் செய்யவே கூடாது. சிரிஞ்சில் குமிழி இல்லாமல் பெர்டெக்னெட்டேட்டை எடுங்கள். கவசத்தில் உள்ள கிட்டுக்குள் 5 மி.லி. செலுத்தினால், ஊசியை வெளியே எடுக்கும் முன் அதே சிரிஞ்சில் மேல்வெளியிலிருந்து 5 மி.லி. வாயுவை இழுத்துக்கொள்ளுங்கள். குப்பிக்குள் அழுத்தம் சமமாகும், ஊசித் துளையில் தெறிக்காது. இரண்டாவது ஊசி குத்திக் காற்றுப்போக்கி வைப்பது வேண்டாம். பத்து நோயாளிக்குப் பத்து தடவை டோஸ் இழுக்கும்போதும் உள்ளே காற்று ஏற்றாமல் மெதுவாக இழுங்கள். காலை 8 மணி நோயாளிக்குப் படம் நன்றாக இருந்து, 12 மணி நோயாளிக்குத் தைராய்டு தெரிந்தால் ஜெனரேட்டரை விட்டுவிட்டு இந்தக் கையைப் பாருங்கள்.

இதற்கு நேர்மாறும் உண்டு. அமெரிக்காவில் விற்கும் மேக்3 சிறுநீரகக் கிட்டில் 2 மி.லி. காற்றை வேண்டுமென்றே ஏற்றச் சொல்லியிருக்கும், மிச்ச ஸ்டானஸை முடக்குவதற்காக. அதனால்தான் ஒரு கிட்டின் பழக்கத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோகாமல் லீஃப்லெட்டைப் படிக்கச் சொல்வது.

இன்னும் இரண்டு கேள்விகள். நீர்க்கச் செய்ய எந்த சலைன் எடுக்கிறீர்கள்? பதப்பொருள் சேர்த்த பல்முறை சலைன் ஆகாது, ஒற்றைப் பயன்பாட்டு 0.9% மட்டும். ஸ்பிரிட் பஞ்சால் ரப்பர் மூடியைத் துடைத்த பிறகு முழுதாக உலர விடுகிறீர்களா? ஈரத்தோடு குத்தினால் ஸ்பிரிட்டும் உள்ளே போகும்.

---

காமா_கேமரா:

மிக்க நன்றி சார். மதியம் 12 மணி நோயாளிக்குத்தான் அதிகம் தெரிகிறது. பார்க்க வேண்டிய இடம் புரிந்தது. ஆனால் காற்றுதான் என்று ஸ்கேன் எடுக்கும் முன்பே எப்படி உறுதி செய்வது? கேரியர் பொருட்டே இல்லை என்றால் மூளை ஸ்கேன் எச்எம்பிஏஓ கிட்டில் மட்டும் "24 மணிக்குள் எலூட் செய்த ஜெனரேட்டர், 2 மணிக்குள் எடுத்த எலுவேட் (வடித்த திரவம்)" என்று ஏன் கட்டாயப்படுத்துகிறார்கள்?

---

ஈயப்_பெட்டி:

முதலில் சோதனை. நோயாளிக்குப் போட்ட பிறகு படத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பது தேவையில்லாத கதிர்வீச்சு. ஐடிஎல்சி (மெல்லடுக்கு நிறப்பிரிகை) பட்டை இரண்டு வெட்டுங்கள், அடியிலிருந்து ஒன்றரை செ.மீ. மேலே பென்சில் கோடு. சிறிய ஊசியால் ஒவ்வொன்றிலும் ஒரு சின்னத் துளி. ஒன்றை அசிட்டோனில், மற்றதை சலைனில் நிறுத்துங்கள். கரைப்பான் மட்டம் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், கோடு முழுகினால் துளி தொட்டியிலேயே கரைந்துபோகும். அசிட்டோனில் கட்டற்ற பெர்டெக்னெட்டேட் மட்டும் உச்சிக்கு ஏறும். சலைனில் எம்டிபியும் பெர்டெக்னெட்டேட்டும் ஏறிவிடும், குறைந்தும் எதோடும் சேராத கூழ்ம டெக்னீசியம் அடியிலேயே தங்கும். பட்டையை நடுவே வெட்டி இரண்டு பாதியையும் எண்ணுங்கள். அசிட்டோன் பட்டையில் மேல் பாதி 1,200, கீழ் பாதி 38,800 என்றால் கட்டற்றது 3%. 100இலிருந்து இரண்டு பட்டையின் கசடையும் கழித்தால் தூய்மை. 90%க்குக் கீழே உள்ளதை ஊசி போடக் கூடாது, 95% என்று வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

இந்தச் சோதனையே பொய் சொல்லும் இடங்களும் உண்டு. துளி இட்டுவிட்டுக் காய விட்டுப் போய்விட்டால் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து இல்லாத பெர்டெக்னெட்டேட் தெரியும். துளி பெரிதானால் வெல் கவுண்டர் திணறி, அதிகமுள்ள பாதியைக் குறைத்து எண்ணும்.

கிட் கலந்தவுடன் ஒரு சோதனை, கடைசி டோஸ் எடுக்கும்போது ஒரு சோதனை. முதலில் 98%, பிறகு 88% என்றால் காற்று. முதலிலேயே மோசம் என்றால் கிட் அல்லது எலுவேட். அப்போது அதே எலுவேட்டை வேறு லாட் கிட்டில் போட்டுப் பிரித்துவிடலாம்.

இனி எச்எம்பிஏஓ. அந்தக் கிட்டில் ஸ்டானஸ் குளோரைடு டைஹைட்ரேட் வெறும் 7.6 மைக்ரோகிராம், அதாவது 34 நானோமோல். எம்டிபி கிட் அரிசி மூட்டை என்றால் இது ஒரு கைப்பிடி. 1.1 ஜிகாபெக்கரல் திங்கள் எலுவேட்டில் 0.74 நானோமோல் டெக்னீசியம் இருக்கும், அது எடுத்துக்கொள்வது சுமார் 2%. பாருங்கள், இங்கேயும் கேரியர் மட்டும் ஆளைக் கொல்லவில்லை. ஆனால் 34 நானோமோலைக் காலி செய்ய 2 மைக்ரோலிட்டர் காற்று போதும். காற்றோடு சமநிலையில் உள்ள 5 மி.லி. சலைனில் கரைந்திருக்கும் ஆக்சிஜனே 1,200 நானோமோலுக்கு மேல். வினை உடனே நடக்காததால்தான் தப்பிக்கிறோம், அதனால்தான் நிலைப்படுத்தி சேர்க்காத கிட்டைக் கரைத்த அரை மணிக்குள் போடச் சொல்கிறார்கள். இதோடு, கதிர்வீச்சு தண்ணீரைப் பிளந்து பெராக்சைடு போன்ற ஆக்சிஜனேற்றிகளை உண்டாக்குகிறது. எலுவேட் நிற்க நிற்க அவை சேரும், மூன்று நாள் சும்மா நின்ற பத்தியிலும் அப்படியே. 24 மணி, 2 மணி விதி கேரியர், பெராக்சைடு இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டுகிறது.

திங்கள் எலுவேட்டைக் கொட்ட வேண்டியதில்லை. எலும்பு, தைராய்டு வேலைக்குக் கொடுங்கள். எச்எம்பிஏஓ இருந்தால் ஞாயிறு ஒரு எலூஷன் எடுத்து வையுங்கள், அல்லது திங்கள் 7 மணிக்கு எடுத்துவிட்டு 11 மணிக்கு மறுபடி எடுங்கள். 4 மணியில் உச்ச அளவில் ஏறக்குறைய 45% திரும்பி வந்திருக்கும், 6 மணியில் 60%. சுத்தமான எலுவேட்.

---

மாலிப்டினம்42:

0.08க்குப் பதில்: நாள் முழுக்க முடியாது. 0.15 என்பது (1 மெகாபெக்கரல் 99எம்முக்கு 0.15 கிலோபெக்கரல் மாலிப்டினம், மில்லிகியூரி கணக்கில் 0.15 மைக்ரோகியூரி) எலூட் செய்த நேரத்துக்கான வரம்பு அல்ல, ஊசி போடும் நேரத்துக்கான வரம்பு. இது அமெரிக்க மருந்தேட்டு வரம்பு. ஐரோப்பிய மருந்தேடு 0.1%, அதாவது 1 கிலோபெக்கரல் வரை விடுகிறது. உங்கள் கூடம் எதைப் பின்பற்றுகிறது என்று பாருங்கள். 99எம் 6 மணியில் பாதியாகிறது, மாலிப்டினம் 66 மணியில்தான். எனவே விகிதம் 6.6 மணிக்கு ஒருமுறை இரட்டிக்கும். 7 மணிக்கு 0.08 என்றால் பகல் 1 மணிக்கு 0.15ஐத் தொட்டுவிடும். 0.05 என்றால் மாலை ஐந்தரை. குப்பியின் மேல் அளவோடு இந்தக் காலாவதி நேரத்தையும் எழுதி ஒட்டுங்கள்.

அளக்கும் முறை பற்றி ஒரு வார்த்தை. 6 மி.மீ. ஈயக் குடுவைக்குள் குப்பியை வைத்தால் 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா முழுதாக நின்றுவிடும், மாலிப்டினத்தின் 740ம் 778ம் கணிசமாக வெளியே வரும். காலிக் குடுவையின் பின்னணியைக் கழித்து, அந்தக் குடுவைக்கான திருத்தக் காரணியால் பெருக்க வேண்டும். ஜெனரேட்டர் இரண்டடி தள்ளி இருக்கும்போது அளந்துவிட்டு "பிரேக்த்ரூ அதிகம்" என்று கம்பெனிக்கு போன் போடுபவர்கள் உண்டு. முதலில் பின்னணியைப் பாருங்கள்.

மாலிப்டேட் இரட்டை எதிர்மின் சுமை, அமில அலுமினாவை இறுகப் பிடிக்கும். பெர்டெக்னெட்டேட் ஒற்றைச் சுமை, சலைனின் குளோரைடு வந்தால் கழன்று வந்துவிடும். ஜெனரேட்டர் என்பது அவ்வளவுதான். 0.9% சலைனைத் தவிர வேறு எதையும், டிஸ்டில்டு வாட்டரைக்கூட, அதில் விடக் கூடாது. பத்தி குலுங்கி வெடிப்பு விழுந்தால் சலைன் குறுக்கு வழியில் ஓடி அளவு குறையும். வெற்றிடக் குப்பி பழசாகி வெற்றிடம் போயிருந்தாலும் குறையும், ஆகவே ஜெனரேட்டரைத் திட்டும் முன் வேறு குப்பி போட்டுப் பாருங்கள். உலர் பத்தி வகையில் சலைன் ஏறி முடிந்ததும் குப்பியை உருவிவிடாதீர்கள், பின்னால் காற்று போய்ப் பத்தியை உலர்த்த வேண்டும். ஈரமாக நின்றால் கதிர்வீச்சால் டெக்னீசியம் குறைந்து பத்தியிலேயே ஒட்டிக்கொள்ளும், அடுத்த நாள் அளவு அடிபடும்.

அலுமினியத்தையும் மறக்காதீர்கள். அலுமினான் தாளில் (அலுமினியம் பட்டால் சிவக்கும் சோதனைத் தாள்) ஒரு துளி, மி.லி.க்கு 10 மைக்ரோகிராம் நியமத் துளி பக்கத்தில். எலுவேட் அதைவிடச் சிவந்தால் வேண்டாம். கல்லீரல் ஸ்கேனுக்கான சல்ஃபர் கொலாய்டு கட்டி பிடித்துக் கல்லீரலுக்குப் பதில் நுரையீரல் தெரியும்.

இந்தியாவில் படிப்பவர்களுக்கு: அலுமினாப் பத்தி எல்லா மாலிப்டினத்துக்கும் ஒத்துவராது. யுரேனியப் பிளவிலிருந்து பிரித்த மாலிப்டினத்தில் கிட்டத்தட்ட வெறும் கதிரியக்க அணுக்கள்தான், சிறு பத்தி போதும். உலையில் சாதாரண மாலிப்டினத்தை வைத்து நியூட்ரான் பிடிக்க வைத்தால் (டிராம்பேயின் துருவா உலையில் செய்த வழி) சும்மா கிடக்கும் மாலிப்டினம் மலையளவு. அதற்குத்தான் மெத்தில் எத்தில் கீட்டோன் (எம்இகே) முறை. கடும் சோடியம் ஹைட்ராக்சைடில் உள்ள மாலிப்டேட்டோடு எம்இகே சேர்த்துக் கலக்கினால் டெக்னீசியம் மட்டும் மேல் அடுக்குக்குப் போகும். அதைப் பிரித்து, அலுமினாவில் ஒருமுறை வடித்து, எம்இகேயை ஆவியாக்கி, சலைனில் கரைப்பார்கள். ஆவியாக்கல் அரைகுறையானால் கரிம எச்சம் தங்கி அடுத்த கிட்டின் ஒட்டுதலைக் கெடுக்கும். எம்இகே எளிதில் தீப்பற்றும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

---

ஏகமாங்கனீஸ்:

43க்கு ஏன் நிலையான ஐசோடோப்பு இல்லை என்பதற்கு: அடுத்தடுத்த இரண்டு தனிமங்கள் ஒரே நிறை எண்ணில் இரண்டுமே நிலையாக இருக்க முடியாது என்பது 1934இல் இயற்பியலாளர் மாட்டாவ் சொன்ன விதி. டெக்னீசியம் நிலையாக இருக்க வாய்ப்புள்ள இடம் 95 முதல் 101 வரை. அங்கே 95, 97 மாலிப்டினத்துக்கு. 96, 98, 100 இரண்டு பக்கத்தவருக்குமே. 99, 101 ருத்தேனியத்துக்கு. பந்தி முழுவதும் ஆட்கள் உட்கார்ந்தாயிற்று. ஒற்றைப்படைப் புரோட்டான் எண் என்பதால் கூடுதல் இலையும் கிடையாது. மிக நீண்ட ஆயுள் கொண்ட 97, 98க்கே சுமார் 42 லட்சம் ஆண்டுதான். பூமி பிறந்தபோது இருந்தது எதுவும் மிஞ்சவில்லை.

மெண்டலீவ் மாங்கனீசுக்குக் கீழே காலியிடம் விட்டிருந்தார். 1925இல் நோடாக், டாக்கே, பெர்க் மூவரும் 43, 75 இரண்டையும் கண்டதாக அறிவித்தார்கள். 75 ரெனியம் என்று நிலைத்தது. 43க்கு வைத்த மசூரியம் யாராலும் மறுபடி காட்டப்படவில்லை. 1937இல் சிசிலியின் பலேர்மோவில் செக்ரேயும் பெரியரும் உண்மையாகப் பிடித்தார்கள். பெர்க்லி சைக்ளோட்ரானில் டியூட்ரான் அடி வாங்கிய மாலிப்டினத் தகடு ஒன்றை லாரன்ஸ் அனுப்பிவைத்திருந்தார். அந்தக் கழிவுத் தகட்டிலிருந்துதான் மனிதன் செய்த முதல் தனிமம் வந்தது. 1947இல்தான் பெயர் வைத்தார்கள், கிரேக்கத்தில் 'செயற்கை' என்று பொருள்.

99எம்மை 1938இல் செக்ரேயும் சீபோர்கும் கண்டார்கள். இருபது ஆண்டு சும்மாவே கிடந்தது. 1950களின் இறுதியில் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் டக்கரும் கிரீனும் ஜெனரேட்டரை உருவாக்கினார்கள். நோயாளிகளுக்குப் பயன்பட்டது 1960களில் சிக்காகோவில்.

தேர்வில் 'பூமியில் இல்லவே இல்லை' என்று எழுதாதீர்கள். யுரேனியம் தானாகப் பிளவதால் தாதுவில் துளி உண்டு, 1962இல் காங்கோ பிட்ச்பிளெண்டிலிருந்து பிரித்தார்கள், கிலோவுக்கு நானோகிராமில் பின்னம். 1952இல் வானியலாளர் மெரில் சில சிவப்பு விண்மீன்களின் நிறமாலையில் இதைக் கண்டார். அவ்வளவு ஆயுள் இல்லாத தனிமம் அங்கே இருக்கிறது என்றால் விண்மீன் அதை இப்போதுதான் சமைத்திருக்க வேண்டும்.

அலுமினாவில் தங்காத அதே பெர்டெக்னெட்டேட் மண்ணிலும் தங்காது. அணுக்கழிவில் 99 தலைவலியாக இருப்பதற்குக் காரணம் அதுதான். 1990களில் பிரிட்டனின் செல்லாஃபீல்டு அணுக்கழிவு ஆலையிலிருந்து ஐரிஷ் கடலுக்குப் போனது சிங்கி இறால்களில் (லாப்ஸ்டர்) சேர்ந்து பெரிய விவாதமானது.

---

காமா_கேமரா:

அப்படியானால் நோயாளி உடம்பில் விடும் 99எம் எல்லாம் 2 லட்சம் ஆண்டு 99 ஆக மாறுகிறதே, அது பரவாயில்லையா? கழிவை எத்தனை நாள் வைக்க வேண்டும்?

---

அரை_ஆயுள்:

எம்டிபி கணக்கில் என் அவசரத்தை ஈயப்_பெட்டி திருத்தியது சரிதான்.

740 மெகாபெக்கரல் (20 மில்லிகியூரி) டோஸ் முழுதும் சிதைந்து 99 ஆனால் அதன் கதிரியக்கம் 2.4 பெக்கரல். மெகா இல்லை, வெறும் பெக்கரல். திங்கள் எலுவேட்டாக இருந்து முன்பே இருந்த 99ஐயும் சேர்த்தால் 30ஐச் சுற்றி வரும். வளர்ந்த மனித உடலில் பொட்டாசியம்-40 மட்டும் ஏறக்குறைய 4,000 பெக்கரல். அரை ஆயுள் நீளம் என்றால் நொடிக்கு உடையும் அணு குறைவு என்றுதான் பொருள்.

சிரிஞ்ச், பஞ்சு, கையுறைக்கு 10 அரை ஆயுள், 60 மணி. பிறகு சர்வே மீட்டரில் பின்னணி அளவு என்று பார்த்து, கதிரியக்கச் சின்னத்தைக் கிழித்துவிட்டு அனுப்புங்கள். மாலிப்டினம் தொட்ட எதற்கும் இந்த 60 மணி பொருந்தாது. பழைய ஜெனரேட்டர் பத்திக்கும், பிரேக்த்ரூ அதிகம் என்று ஒதுக்கிய எலுவேட்டுக்கும் 66 மணியைப் பத்தால் பெருக்கி 28 நாள். இரண்டையும் ஒரே ஈயத் தொட்டியில் போட்டால் மொத்தத் தொட்டியும் 28 நாள் கணக்குக்குப் போய்விடும், எனவே தொட்டிகளைத் தனியாக வையுங்கள்.